வரவேற்பார் இல்லாத தீவு

மாரண்டஹள்ளியிலிருந்து கடலைப் பார்க்க வேண்டுமென்றால் நேர்கோட்டில் அளந்தாலும் ஏறத்தாழ 200 கிலோமீட்டர் போக வேண்டும். பக்கத்தில் இருக்கும் பெரிய நீர்ப்பரப்பு, பஞ்சப்பள்ளியில் சின்னாற்றின் குறுக்கே கட்டிய அணைதான். மிதக்கும் கலம் என்றால் இந்தப் பக்கத்தில் ஒகேனக்கல் பரிசல். இப்படியொரு ஊரிலிருந்து கொண்டு, தொலைதூரத் தீவுகளுக்குப் பாய்மரப் படகில் போய் ஒருவரோடு ஒருவர் பழகும் கூட்டத்தைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று கேட்கலாம். எனக்கு இரண்டு காரணங்கள் தெரிகின்றன. இரண்டுமே இந்த மண்ணில் நிற்கின்றன.

முதலாவது கரும்பு. தகடூர் அதியமானின் முன்னோர் கரும்பை இந்நாட்டுக்குக் கொண்டுவந்தார்கள் என்று புறநானூற்றில் ஔவையார் சொல்கிறார். தகடூர் என்பது இன்றைய தர்மபுரி. தடித்த இனிப்புக் கரும்பை முதன்முதலில் பயிராக்கியவர்கள் நியூகினித் தீவின் மக்கள் என்பது தாவரவியலாளர்களின் முடிவு. அங்கிருந்து அது தீவு தீவாகத் தாவி ஆசியக் கரையை அடைந்தது. அதைச் சுமந்தவை, பக்கவாட்டில் மிதவை கட்டிய பாய்மரப் படகுகள். பாலக்கோடு சர்க்கரை ஆலைக்கு லாரியில் போகும் ஒவ்வொரு கட்டுக் கரும்புக்கும் பின்னால், பெயர் தெரியாத தீவுக் கடலோடிகள் இருக்கிறார்கள்.

இரண்டாவது காரணம் மனிதர்கள். தர்மபுரி மாவட்டத்தில் தும்பலஹள்ளி, நாகாவதி போன்ற அணைகளை ஒட்டி இலங்கைத் தமிழர் முகாம்கள் உள்ளன. 1983க்குப் பிறகு படகேறிப் பாக் நீரிணையைக் கடந்தவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அங்கே வாழ்கிறார்கள். கடலே இல்லாத மாவட்டத்தில், கடலைப் படகில் தாண்டி வந்தவர்கள் குடும்பம் குடும்பமாக இருக்கிறார்கள். படகில் ஒரு கரைக்கு வந்து சேர்வது என்றால் என்ன என்று நம் மாவட்டத்தில் யாரிடமாவது கேட்க வேண்டுமானால் அவர்களிடம்தான் கேட்க வேண்டும். யாட் என்னும் பாய்மரப் படகில் போகும் பயணிகளின் உலகத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இவர்களும் சேர்ந்தே நினைவுக்கு வருகிறார்கள். அப்படி இரண்டு கூட்டத்தையும் ஒரே இடத்தில் வைத்துப் பார்க்க முடிகிற ஒரு தீவுக் கூட்டம் இந்தியப் பெருங்கடலில் இருக்கிறது. அதுதான் சாகோஸ்.

கன்னியாகுமரியிலிருந்து தெற்கே சற்று மேற்காக ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர். மாலத்தீவின் தென்முனையிலிருந்து ஏறத்தாழ 500 கிலோமீட்டர். ஐம்பதுக்கும் மேற்பட்ட சிறு தீவுகள், எல்லாம் சேர்த்தும் அறுபது சதுர கிலோமீட்டர் நிலம்கூடத் தேறாது. அவற்றுள் பெரியது டியேகோ கார்சியா, அமெரிக்க ராணுவத் தளம். அதற்கு வடக்கே இருப்பவை சலோமோன், பெரோஸ் பன்ஹோஸ் என்னும் பவளத் தீவு வளையங்கள். 1980களிலிருந்து 2000களின் தொடக்கம் வரை, உலகைச் சுற்றும் பாய்மரப் படகுக்காரர்களிடையே சலோமோன் ஒரு கனவுப் பெயராக இருந்தது. அங்கே மாதக்கணக்கில் நங்கூரமிட்டு இருந்தவர்கள் உண்டு.

ஏன் அங்கே? காற்றுதான் காரணம். தாய்லாந்தின் புக்கெட்டிலிருந்தோ மலேசியாவின் லங்காவியிலிருந்தோ டிசம்பர், ஜனவரியில் கிளம்பும் படகு வடகிழக்குப் பருவக் காற்றைப் பிடித்து வங்காள விரிகுடாவைக் கடக்கும். காலியிலோ திருகோணமலையிலோ தண்ணீரும் காய்கறியும் ஏற்றும். பிறகு மாலத்தீவு. அதற்குக் கீழே நிலநடுக்கோட்டை ஒட்டிக் காற்று செத்துக் கிடக்கும் பகுதி. அதையும் தாண்டித் தெற்கே போனவர்கள், மொரீசியஸ் பக்கமோ மடகாஸ்கர் பக்கமோ திரும்புவதற்கு முன், தென்கிழக்கு வியாபாரக் காற்று நிலைபெறட்டும் என்று எங்காவது காத்திருக்க வேண்டும். காத்திருக்க வசதியான குடா சலோமோன். ஆகவே, ஒருவரையொருவர் தேடி யாரும் அங்கே போகவில்லை. பருவம் மாறும்வரை எல்லாரும் ஒரே இடத்தில் நிற்க வேண்டியிருந்தது. அந்தக் காத்திருப்பில்தான் ஒரு சமூகம் உருவானது. சோமாலியக் கடற்கொள்ளையர் அச்சம் உச்சத்தில் இருந்த 2008க்குப் பிந்தைய ஆண்டுகளில் செங்கடல் வழியைத் தவிர்த்தவர்களும் இந்தத் தெற்கு வழிக்கே திரும்பினார்கள்.

சலோமோன் குடாவுக்குள் நுழைய வடக்குப் பக்கம் ஒரு வாயில் உண்டு. வெயில் உச்சிக்கு வந்த பிறகுதான் நுழைவார்கள். அப்போதுதான் நீரின் நிறம் பேசும். கரு நீலம் என்றால் ஆழம், வெளிர் பச்சை என்றால் மணல், பழுப்பு என்றால் பவளப் பாறை. ஒருவர் பாய்மரத்தின் மேல் ஏறிக்கொண்டு கையால் வழி காட்ட, இன்னொருவர் கீழே சுக்கானைத் திருப்புவார். ஏற்கெனவே உள்ளே நிற்கும் படகுகளிலிருந்து யாராவது டிங்கி என்னும் சிறு ரப்பர் படகில் எதிர்கொண்டு வந்து, எங்கே நங்கூரம் பிடிக்கும், எங்கே சங்கிலி பாறையில் சிக்கும் என்று சொல்வார்கள். அறிமுகம் அங்கேயே முடிந்துவிடும். ஒருவரை ஒருவர் படகின் பெயரைச் சொல்லித்தான் அழைப்பார்கள். குடும்பப் பெயர், முன்பு பார்த்த உத்தியோகம் எதுவும் பேச்சில் வராது.

நாளின் நடுநாயகம் காலை ரேடியோ நேரம். குறித்த அலைவரிசையில் ஒருவர் பொறுப்பேற்றுப் படகுகளின் பெயரை வரிசையாகக் கூப்பிடுவார். குடாவில் நிற்கிறவர்கள் மட்டுமல்ல, நடுக்கடலில் வந்துகொண்டிருப்பவர்களும் பதில் சொல்வார்கள்: இருக்கும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை, காற்று எந்தத் திசை, என்ன வேகம், ஏதாவது உடைந்ததா, யாருக்காவது உடம்பு சரியில்லையா. ஒரு படகு அடுத்தடுத்துப் பதில் சொல்லாவிட்டால் எல்லாருக்கும் கவலை பிடித்துக்கொள்ளும். கடை இல்லை, எண்ணெய் பங்க் இல்லை, மருத்துவமனை இல்லை. ஒருவருக்கு டீசல் இன்ஜின் கை வரும், இன்னொருவருக்குப் பாய் தைக்க வரும், மற்றொருவர் ஓய்வுபெற்ற டாக்டர். பணம் கைமாறாது. ஒரு பம்ப் வாஷருக்குப் பதில் ஒரு ரொட்டி, ஒரு கடல் வரைபடத்தின் நகலுக்குப் பதில் நான்கு புத்தகம் என்று நடக்கும். மாலையில் கரையில் தீ மூட்டி, அவரவர் சமைத்ததை அவரவர் கொண்டுவந்து பொதுவில் வைப்பார்கள். பிடித்த மீன், ஈரப்பலா, தேங்காய். விழுந்த நெற்று எடுப்பாரற்று எங்கும் முளைத்துக் கிடந்ததால் தேங்காய்ப்பூவுக்குப் பஞ்சமே இல்லை.

இந்தத் தோழமையை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். உயிர்களைக் காத்தது இதுதான். நியூசிலாந்துக்காரர் டாம் நீல் பசிபிக்கின் சுவாரோ தீவில் தன்னந்தனியாக வாழ்ந்தார். 1954இல் அவருக்கு முதுகு பிடித்துக்கொண்டு அசைய முடியாமல் கிடந்தார். கப்பல் எதுவும் வராத தீவு. தற்செயலாக ஒதுங்கிய ஓர் அமெரிக்க யாட்டில் இருந்தவர்கள் அவரைத் தேற்றி எழுப்பினார்கள். 2018 செப்டம்பரில் நம் கடற்படையின் அபிலாஷ் டோமி, தனி ஆளாக உலகைச் சுற்றும் கோல்டன் குளோப் போட்டியில், தெற்கு இந்தியப் பெருங்கடலில் புயலில் சிக்கினார். படகு புரண்டு பாய்மரம் முறிந்து, முதுகெலும்பில் அடிபட்டு எழ முடியாமல் கிடந்தார். அதே புயலில் அயர்லாந்துப் போட்டியாளர் கிரெகர் மெக்கக்கினின் பாய்மரமும் போயிருந்தது. அவர் கைக்குக் கிடைத்ததை வைத்து ஒரு தற்காலிகப் பாய்மரம் கட்டி, தன் ஊனப்பட்ட படகை டோமியை நோக்கித் திருப்பினார். கடைசியில் ஓசிரிஸ் என்ற பிரெஞ்சுக் கப்பல் முந்திக்கொண்டு இருவரையும் மீட்டு ஆம்ஸ்டர்டாம் தீவில் இறக்கியது. போட்டியில் எதிராளியாக இருந்தவர், உடைந்த படகோடு உதவிக்கு வரக் கிளம்பியதை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

இந்தக் கூட்டத்துக்கு மூத்தவர் ஜோஷுவா ஸ்லோக்கம். 1895 ஏப்ரலில் பாஸ்டனிலிருந்து ஸ்பிரே என்ற தன் படகில் தனியாகக் கிளம்பி 1898 ஜூனில் திரும்பியவர். உலகைத் தனியாகச் சுற்றிய முதல் மனிதர். ஆஸ்திரேலியாவின் வடக்கிலிருந்து கீலிங் தீவுகளுக்கு 2,700 மைல் தூரத்தை 23 நாளில் கடந்தார். பாய்களைச் சரியாக அமைத்துவிட்டதால் சுக்கானைப் பிடித்த நேரம் மூன்று மணிக்கு மேல் இல்லை என்று எழுதியிருக்கிறார். அவர் புத்தகத்தில் என்னைக் கவர்ந்த இடம் வேறு. சிலி நாட்டின் ஹுவான் பெர்னாண்டஸ் தீவுக்கு அவர் போய்ச் சேர்ந்ததும் தீவுக்காரர்கள் படகில் எதிர்கொண்டு வருகிறார்கள். அவர் காப்பியும், மாவைக் கொழுப்பில் பொரித்த டோனட்டும் கொடுக்கிறார். அவர்களுக்கு அது பிடித்துப்போகிறது. செய்முறையைக் கற்றுக்கொடுக்கிறார், பொரிக்கக் கொழுப்பையும் அதிக விலை வைக்காமல் விற்கிறார். குழந்தைகளோடு மலையில் பழம் பறிக்கிறார். விருந்தாளியாக வந்தவர் ஒரு பண்டத்தைக் கொடுத்து உறவாகிறார். ஆனால் முதலில் எதிர்கொண்டு வந்தது தீவுக்காரர்கள். அந்த வரிசை முக்கியம்.

குக் தீவுகளைச் சேர்ந்த பால்மர்ஸ்டனில் அந்த வரிசை இன்றும் நடக்கிறது. 1863இல் அங்கே குடியேறிய வில்லியம் மார்ஸ்டர்ஸ் என்ற ஆங்கிலேயரின் வழித்தோன்றல்களே பெரும்பாலும் வாழும் தீவு அது. சில டஜன் பேர். சரக்குக் கப்பல் ஆண்டில் சில முறைதான் வரும். ஒரு யாட் கண்ணில் பட்டதும் குடும்பங்கள் அலுமினியப் படகில் புறப்படும். முதலில் வந்து சேரும் குடும்பத்துக்கே விருந்தாளி சொந்தம். அந்தக் குடும்பமே பவளத் திட்டைத் தாண்டிக் கரைக்கு அழைத்துப்போகும், சாப்பாடு போடும், கொண்டுபோய் விடும். வந்தவர் தன் பங்குக்கு அரிசி, மாவு, கயிறு, உதிரிப் பாகம் என்று கொடுப்பார், இன்ஜின் பழுது பார்ப்பார், அடுத்த தீவுக்குத் தபால் கொண்டுபோவார். யாட்காரர்களின் பழைய அமைப்பான ஏழு கடல் பயணச் சங்கம் 1952இல் கலிபோர்னியாவில் தொடங்கியபோது, பின்னால் வருகிறவருக்கு வரவேற்புக் கெடாதபடி நடந்துகொள்ள வேண்டும் என்பதையே தலையாய நெறியாக வைத்தது. வீட்டுக்காரர் இருக்கும் தீவில் அந்த நெறிக்குப் பொருள் தெளிவு.

சலோமோனில் எதிர்கொண்டு வர வீட்டுக்காரர் யாரும் இல்லை. யாட்காரர்களையே யாட்காரர்கள் வரவேற்றார்கள். போதாம் என்ற தீவில் கூரையில்லாத தேவாலயம் இருக்கிறது, கொப்பரைக் கூடங்கள் இருக்கின்றன, ஒரு சிறைக் கொட்டடி, ஒரு படகுத்துறை, கல்லறைகள் இருக்கின்றன. நல்ல தண்ணீர்க் கிணறு ஒன்று உண்டு. யாட் பெண்களும் ஆண்களும் துணி துவைத்த இடம் அதுதான். பாழடைந்த வீடொன்றில் யாட் கிளப் என்று பலகை மாட்டினார்கள். தொட்டில் ஊஞ்சல் கட்டினார்கள். அந்தக் கிணற்றை வெட்டியவர்கள் எங்கே என்ற கேள்வி அங்கே நின்ற எல்லார் மனத்திலும் வந்திருக்கும். சிலர் அதைப் பற்றி மனம் நொந்து எழுதியும் இருக்கிறார்கள்.

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சுத் தோட்டக்காரர்கள் ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் அடிமைகளைக் கொண்டுவந்து சாகோஸில் தென்னை வைத்தார்கள். 1814இல் தீவுகள் பிரிட்டன் கைக்கு வந்தன. அடிமை முறை ஒழிந்த பின் மொரீசியஸுக்குப் போன ஒப்பந்தக் கூலிகளில் ஒரு பகுதி இங்கும் வந்தது. தென்னிந்தியாவிலிருந்து போனவர்களும் அதில் உண்டு. எல்லாரும் கலந்து, கிரியோல் பேசும் ஒரு மக்கள் உருவானார்கள். தேங்காய் உரித்துக் கொப்பரை காயவைத்து எண்ணெய் ஆட்டிய ஐந்தாறு தலைமுறை. கன்னியாகுமரிக்காரர் ஒருவர் போய்ப் பார்த்திருந்தால் அந்த வேலையில் அந்நியமாக எதையும் கண்டிருக்க மாட்டார்.

1965 நவம்பர் 8 அன்று, விடுதலைக்குக் காத்திருந்த மொரீசியஸிடமிருந்து சாகோஸைப் பிரித்து, பிரிட்டிஷ் இந்தியப் பெருங்கடல் பகுதி என்ற புதிய காலனியை உண்டாக்கினார்கள். மொரீசியஸுக்கு 30 லட்சம் பவுண்டு கொடுக்கப்பட்டது. அடுத்த ஆண்டே டியேகோ கார்சியாவை அமெரிக்காவின் பயன்பாட்டுக்கு விட ஒப்பந்தம். தளம் அமையும் தீவில் மக்கள் இருக்கக் கூடாது என்று முடிவானது. மருத்துவத்துக்கோ உறவினரைப் பார்க்கவோ மொரீசியஸ் போனவர்களைத் திரும்ப வர விடவில்லை. உணவுப் பொருள் வரத்தைக் குறைத்தார்கள். 1971இல் டியேகோ கார்சியாவைக் காலி செய்தபோது மக்கள் வளர்த்த நாய்களைக் கூட்டமாகக் கொன்றார்கள். 1972இல் சலோமோன், 1973இல் பெரோஸ் பன்ஹோஸ். நோர்த்வேர் என்ற கப்பலில் நெருக்கியடித்து ஏற்றி மொரீசியஸ், செஷல்ஸ் துறைமுகங்களில் இறக்கிவிட்டார்கள். 1,500 முதல் 2,000 பேர் வரை இப்படி வேரோடு பிடுங்கப்பட்டார்கள் என்பது பொதுவாக ஏற்கப்படும் கணக்கு. இவர்கள் நிரந்தரக் குடிகளே அல்லர், வந்து போகும் தோட்டக் கூலிகள் என்று உலகுக்குச் சொல்லப்பட்டது. மானிடவியலாளர் டேவிட் வைன் 2009இல் எழுதிய நூல் இந்தக் காலியாக்கம் எப்படித் திட்டமிடப்பட்டது என்பதை அரசு ஆவணங்களைக் கொண்டே விவரிக்கிறது.

முதல் யாட் கூட்டம் வந்து நின்றபோது இதெல்லாம் நடந்து பத்து, பதினைந்து ஆண்டுதான் ஆகியிருந்தது. தென்னை காய்த்துக்கொண்டிருந்தது. அவர்கள் அனுபவித்த தனிமை இயற்கை கொடுத்ததல்ல, ஓர் அரசு செய்து முடித்தது. இதற்காக யாட்காரர்களைக் குற்றவாளியாக்குவது நியாயமாகாது. மக்களை விரட்டியது அவர்கள் அல்லர். ஆனால் தொலைதூரத் தீவு, ஆளில்லாத் தீவு என்ற சொற்களைப் பயணக் கட்டுரைகளில் படிக்கும்போது, ஆள் ஏன் இல்லை என்று கேட்டுப் பார்ப்பது வாசிப்பவரின் கடமை என்று நினைக்கிறேன்.

பிறகு அந்தச் சுதந்திரமும் சுருங்கியது. முன்அனுமதி வேண்டும், கட்டணம் வேண்டும், படகு மூழ்கினால் அகற்றும் செலவுக்குக் காப்பீடு வேண்டும், 28 நாளுக்கு மேல் நிற்க முடியாது. கடலைக் கடக்கும் வழியில் பாதுகாப்பாக ஒதுங்குவதற்கு மட்டுமே அனுமதி என்றார்கள். 2010 ஏப்ரல் 1 அன்று சாகோஸைச் சுற்றிய கடலின் பெரும்பகுதி காப்பகமாக அறிவிக்கப்பட்டது. பவளத்துக்கும் மீனுக்கும் அது நன்மை. ஆனால் காப்பகம் வந்துவிட்டால் தீவு மக்கள் திரும்பக் குடியேறுவது கடினமாகும் என்று அதிகாரிகள் கணக்கிட்டதும் கசிந்த தூதரக ஆவணத்தில் வெளிவந்தது. கடல் சட்ட ஒப்பந்தத்துக்கு அந்தக் காப்பக அறிவிப்பு முரணானது என்று 2015இல் சர்வதேச நடுவர் மன்றம் தீர்ப்பளித்தது.

தமிழ்க் கடலோடிகளுக்கு இந்த யாட் உலகத்தோடு தொடர்பே இல்லையா என்றால், அழகான ஒரு தொடர்பு இருக்கிறது. அது பலருக்குத் தெரியாமல் போனது வருத்தம். வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்ற அமெரிக்க இளைஞர் 1928இலிருந்து 1931 வரை ஸ்வாப் என்ற 32 அடிப் படகில் உலகைச் சுற்றினார். அதுவரை அத்தனை சிறிய படகு உலகைச் சுற்றியதில்லை. 1934இல் மனைவி புளோரன்ஸுடன் கலபகோஸ் தீவுகளில் இருந்தபோது அவருக்குக் குடல்வால் வெடித்துவிட்டது. ஆளரவமற்ற குடா. அந்த நேரம் பார்த்து ரேடியோ வைத்திருந்த ஒரு மீன்பிடிக் கப்பல் அங்கே வந்தது. அதன் செய்தியைக் கேட்டு அமெரிக்கக் கடற்படை பனாமாவிலிருந்து மருத்துவர்களை அனுப்பியது. உயிர் பிழைத்த ராபின்சன் பின்னாளில் ஈழத்தின் வடகரைக்கு வந்தார். வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பலைப் பார்த்து மனத்தைப் பறிகொடுத்து அதை வாங்கினார்.

வல்வெட்டித்துறை அந்தக் காலத்தில் நாகப்பட்டினத்துக்கும் ரங்கூனுக்கும் நெல்லும் ஓடும் மரமும் ஏற்றி ஓட்டிய ஊர். கப்பல் கட்டுகிறவர்கள் காகிதத்தில் வரைபடம் போட்டுக் கட்டியவர்கள் அல்லர், கண்ணளவும் முழக்கணக்கும்தான். அன்னபூரணி 89 அடி நீளம். புளோரன்ஸ் சி. ராபின்சன் என்று பெயர் மாற்றி, 1937இல் வல்வெட்டித்துறை மாலுமிகள் அதை மேற்கே ஓட்டினார்கள். ஏடன், சூயஸ், ஜிப்ரால்டர், பெர்முடா வழியாகச் சென்று 1938 ஆகஸ்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. மீன்பிடிப் பாய்க்கப்பல்களுக்குப் பேர்போன துறைமுகம் அது. கடலைத் தொழிலாகக் கொண்ட ஊர்க்காரர்கள், கடலைத் தொழிலாகக் கொண்ட இன்னோர் ஊருக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அந்தப் பயணத்தில் கப்பலின் சொந்தக்காரர் பெயர் உலகத்துக்குத் தெரிந்தது. தண்டல் எனப்பட்ட கப்பல் தலைவரும் மாலுமிகளும் வல்வெட்டித்துறையின் நினைவில் மட்டுமே தங்கினார்கள். பாய்மரப் பயணத்தின் வரலாற்றை எழுதும் எவரும் ஸ்லோக்கத்துக்குக் கொடுக்கும் இடத்தில் ஒரு பங்கையாவது இவர்களுக்கும் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

தூத்துக்குடித் தோணிகள் இன்னும் மாலத்தீவுக்கு ஓடுகின்றன. இன்ஜின் வந்துவிட்டாலும் பாயும் பாய்மரமும் முற்றிலும் போய்விடவில்லை. காய்கறியும் கட்டுமானப் பொருளும் ஏற்றிப் போவார்கள். தென்மேற்குப் பருவக் காற்று அடிக்கும் மாதங்களில் ஓட்டம் நின்றுவிடும். வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்றுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர்கள் ஒவ்வொன்றும், யாட்காரர் வானிலைக் கோப்பில் தேடுகிற அதே செய்தியைச் சொல்லும். காலியிலிருந்து வரும் யாட்டும் தூத்துக்குடியிலிருந்து வரும் தோணியும் ஒரே காற்றைப் பிடித்து மாலத்தீவை நோக்கிப் போகின்றன. ஆனால் யாட்காரரின் காலை ரேடியோவில் தோணியின் பெயரை யாரும் கூப்பிடுவதில்லை. ஒன்று ஓய்வுக் காலப் பயணம், மற்றது கூலி வேலை. மொழி வேறு, கையில் இருக்கும் பாஸ்போர்ட் வேறு. மெட்ராசிலும் 1911இலேயே பிரான்சிஸ் ஸ்பிரிங் முயற்சியில் யாட் கிளப் தொடங்கியது. இன்றும் அது சென்னைத் துறைமுகத்தில் இருக்கிறது. நம் கரையிலும் விளையாட்டுப் பாய்மரமும் பிழைப்புப் பாய்மரமும் அருகருகே நின்றும் ஒன்று சேரவில்லை.

இந்த நிலை கொஞ்சம் மாறுவதற்கு ஒரு நல்ல அடையாளம் புதுச்சேரியிலிருந்து வந்திருக்கிறது. கடற்படையின் ரூபா அழகிரிசாமி, கோழிக்கோட்டைச் சேர்ந்த தில்னாவுடன் தாரிணி என்ற பாய்மரப் படகில் 2024 அக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து புறப்பட்டு 2025 மே மாத இறுதியில் உலகைச் சுற்றித் திரும்பினார். படகில் இருவர் மட்டுமே. 2025 ஜனவரி 30 அன்று, எந்தக் கரைக்கும் மிகத் தொலைவான நீமோ முனையைக் கடந்தார்கள். மிக அருகில் இருக்கும் தீவே அங்கிருந்து 2,688 கிலோமீட்டர். அங்கே ஆய்வுக்காகக் கடல்நீரை எடுத்துக்கொண்டு, ஹார்ன் முனையைச் சுற்றி, பால்க்லாந்துத் தீவின் ஸ்டான்லி துறையில் ஒதுங்கினார்கள். ஒரு தமிழ்ப் பெண் தன் கையால் பாய் இழுத்து அத்தனை தூரம் போய்வந்தது அரசுப் படகில்தான், அரசுச் செலவில்தான். அதனால் அந்தச் சாதனையின் எடை ஓர் இம்மியும் குறையாது.

சாகோஸுக்குத் திரும்புவோம். 2021 அக்டோபர் 3 அன்று ஒரு மீன்பிடிப் படகு டியேகோ கார்சியாவுக்கு அருகில் தண்ணீர் புகுந்து தத்தளித்தது. அதில் குழந்தைகள் உட்பட 89 பேர் இருந்தார்கள். இலங்கைத் தமிழர்கள். இந்தியாவில் அகதி முகாம்களில் வாழ்ந்தவர்களும் அவர்களுள் உண்டு. கனடா போகும் எண்ணத்தில் கிளம்பியவர்கள். பிரிட்டிஷ் கப்பல் அவர்களைக் கரைக்குக் கொண்டுவந்தது. கடலில் ஆபத்தில் இருப்பவரைக் காப்பது எல்லாக் கப்பலுக்கும் கடமை என்று கடல் சட்டம் சொல்கிறது. யாட்காரர்கள் பெருமையோடு பின்பற்றும் அதே கடமை. அதுவரை சரி.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லத்தான் இத்தனை தூரம் வந்தேன். வேலியிட்ட சிறு இடத்தில், காவலோடு, கூடாரங்களில் அவர்களை வைத்தார்கள். நாளாக நாளாகக் கூடாரங்கள் கிழிந்தன, எலிகள் புகுந்தன. அதே தீவில் ராணுவத்தினருக்கு உணவகமும் பந்துவீச்சு விளையாட்டுக் கூடமும் இருந்தன. படகில் வந்த தமிழர்களுக்கோ கடற்கரைக்கு நடந்து போகவும் தடை. உண்ணாவிரதம் இருந்தார்கள். சிலர் தங்களையே மாய்த்துக்கொள்ள முயன்றார்கள். சிலரைச் சிகிச்சைக்கென்று ருவாண்டாவுக்கு அனுப்பினார்கள். பிரிட்டனின் அகதி ஒப்பந்தப் பொறுப்பு இந்தத் தீவுக்குப் பொருந்தாது என்று வாதிட்டதால், அந்த ஒப்பந்தப்படி அங்கே புகலிடம் கேட்க வழியில்லாமல் போனது. மூன்று ஆண்டுக்கு மேல் ஆன பிறகு, 2024 டிசம்பரில் பெரும்பாலோரைப் பிரிட்டனுக்கு அழைத்துச் சென்றார்கள். அதே மாதம் அப்பகுதியின் உச்ச நீதிமன்றம், அவர்களை அடைத்து வைத்தது சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தது.

ஒரே நிர்வாகத்தின் கீழ் இருந்த ஒரே தீவுக் கூட்டம். காப்பீட்டோடும் சரியான பாஸ்போர்ட்டோடும் வந்தவரிடம் 28 நாளில் போய்விடு என்றது. ஒன்றும் இல்லாமல் வந்தவரை மூன்று ஆண்டு போக விடவில்லை. அங்கேயே பிறந்தவரை ஐம்பது ஆண்டு திரும்பி வந்து வாழ விடவில்லை. மூன்று கூட்டமும் கடலைப் படகில் கடந்தவர்கள்தான். அவர்கள் ஒருவரையொருவர் சந்திக்கவே முடியாதபடி தீவு வேலியிடப்பட்டிருந்தது. சலோமோன் கரையில் தீ மூட்டிப் பகிர்ந்து உண்டவர்களின் அன்பு உண்மையானது. அந்த வட்டத்தில் யார் உட்காரலாம் என்பதை முடிவு செய்தது அவர்கள் அல்லர், லண்டனில் கையெழுத்திட்ட தாள்கள்.

பெரோஸ் பன்ஹோஸில் 1964இல் பிறந்த ஒலிவியே பாங்கூல், தன் மக்களுக்காகப் பல ஆண்டு வழக்கு நடத்தியவர். 2000இல் லண்டன் உயர் நீதிமன்றத்தில் வென்றார். 2004இல் அரச ஆணையால் அந்த வெற்றி பறிக்கப்பட்டது. 2019 பிப்ரவரி 25 அன்று சர்வதேச நீதிமன்றம், சாகோஸைப் பிரித்தது முறைப்படி நடக்கவில்லை, பிரிட்டன் தன் நிர்வாகத்தை விரைந்து முடித்துக்கொள்ள வேண்டும் என்று கருத்துரைத்தது. 2022 பிப்ரவரியில் மொரீசியஸ் அனுப்பிய கப்பலில் பாங்கூலும் இன்னும் சில சாகோஸியரும், பிரிட்டிஷ் காவல் இல்லாமல் முதன்முறையாகப் பெரோஸ் பன்ஹோஸ், சலோமோன் கரைகளில் இறங்கினார்கள். முன்பு யாட்டுகள் நின்ற அதே குடாவில் அவர்கள் கப்பல் நின்றது. பழைய தேவாலயத்தைச் சூழ்ந்த புதரை வெட்டிச் சுத்தம் செய்தார்கள்.

2025 மே 22 அன்று பிரிட்டனும் மொரீசியஸும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின்படி, சாகோஸின் இறையாண்மை மொரீசியஸுக்குப் போகும், டியேகோ கார்சியாத் தளம் 99 ஆண்டுக் குத்தகைக்கு விடப்படும். மற்றத் தீவுகளில் மக்களைக் குடியேற்ற மொரீசியஸுக்கு அதில் இடம் உண்டு. தங்களைக் கேட்காமல் இதையும் முடிவு செய்துவிட்டார்கள் என்று சாகோஸியருள் ஒரு சாரார் எதிர்க்கிறார்கள். அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. 1965இலும் அவர்களைக் கேட்கவில்லை. போதாம் கிணற்றில் யார் தண்ணீர் எடுக்கலாம், குடாவில் எத்தனை யாட் நிற்கலாம், நங்கூரம் பவளத்தில் படாமல் இருக்க என்ன செய்யலாம், தத்தளித்து வரும் படகை எந்தத் துறையில் சேர்ப்பது, இவற்றையெல்லாம் அங்கே குடியிருக்கும் மக்கள் உட்கார்ந்து பேசி முடிவு செய்யும் காலம் வர வேண்டும். அந்த மக்களில் பலருக்கு இப்போது எழுபது வயது தாண்டிவிட்டது.